கரையும் கரைசலும்

‘கரையும்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி, முன்னும் பின்னும் எதுவும் வைக்காமல் பொருள் கேட்டுப் பாருங்கள். தேர்ந்த தமிழாசிரியரும் ஒரு நொடி தயங்குவார். ‘கடலும் கரையும்’ என்பதில்போலப் பெயரோடு உம்மை சேர்ந்து நிற்கிறதா, ‘உப்பு நீரில் கரையும்’ என்பதில்போல முற்றா, ‘கரையும் காக்கை’ என்பதில்போல எச்சமா என்பது சூழல் வந்து சொன்னாலொழியத் தெரியாது. எழுத்திலும் ஒலியிலும் இம்மியும் வேறுபடாத மூன்று கரைகள் தமிழில் அடுத்தடுத்து வாழ்கின்றன. நிலத்தின் விளிம்பு ஒன்று. நீரில் உருவழிந்து கலத்தல் ஒன்று. குரல் கொடுத்து அழைத்தல் ஒன்று. இவற்றுள் முதலிரண்டையும் இன்றைய அறிவியல் தற்செயலாக ஒரே துறைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நீர்மக் கரைசலுக்குள்ளும், ஒரு நீர்மம் மற்றொரு பொருளைத் தொடும் விளிம்பிலும் நடக்கும் வேதிவினைகளைக் கோட்பாட்டாலும் கணக்காலும் ஆராயும் துறை அது. சொல் மேல் காதல் கொண்டவர்களுக்கு அத்துறையின் தமிழ்ப்பெயர்கள் ஒரு நல்ல விருந்து.

மூன்றாம் கரையை முதலில் வழியனுப்பிவிடலாம். குறளில் சுற்றந்தழால் அதிகாரத்துக் காக்கை தன் இனத்தை அழைப்பது இச்சொல்லால்தான். மலையாளத்தில் இது அழுகையாகிவிட்டது. அங்கே ‘கரயுக’ என்றால் அழுவது. நெஞ்சு கரைந்தவன் அழுகிறான் அல்லவா, ஆகவே கரைதலும் அழுதலும் ஒரே வேர்தாமே என்று நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி ஒலித்தலையும் கலத்தலையும் விளிம்பையும் வெவ்வேறு வேர்களாகவே வைக்கிறது. அழகான கதைக்காக வேரை வளைக்க வேண்டாம் என்பதால் நானும் அந்தப் பக்கமே நிற்கிறேன்.

விளிம்பைக் குறிக்கும் கரை, ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் மட்டும் உரியதன்று. சேலைக்குக் கரை உண்டு. வேட்டிக்குக் கரை உண்டு. அந்த வேட்டிக்கரையின் நிறத்தைக் கொண்டே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடும் அளவுக்கு அது நம் அரசியலிலும் நுழைந்திருக்கிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமெல்லாம் கரைதான். கலத்தலைக் குறிக்கும் கரையோ எல்லையை அழிப்பது. உப்புக்கல்லுக்கும் நீருக்கும் நடுவே இருந்த விளிம்பு போன பிறகுதான் உப்பு கரைந்தது என்கிறோம். ஆக, ஒரே ஒலி ஓரிடத்தில் எல்லையை நாட்டுகிறது, மற்றோரிடத்தில் எல்லையை அழிக்கிறது. வேர் வேறானாலும் வழக்கில் இவ்விரண்டும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்வதைப் பாருங்கள்: ஒரு நூலில் முழுத் தேர்ச்சி பெற்றவரை ‘அதில் கரை கண்டவர்’ என்றும் சொல்வோம், ‘அதைக் கரைத்துக் குடித்தவர்’ என்றும் சொல்வோம். கல்வியைக் கடலாக எண்ணியவன் அதன் கரையைத் தேடினான். கூழாக எண்ணியவன் கரைத்துக் குடித்தான்.

தமிழன் வாழ்வில் கரைத்தலுக்கு ஓய்வே இல்லை. புளி கரைக்கிறோம், கூழ் கரைக்கிறோம், மோர் விட்டுப் பழையசோறு கரைக்கிறோம், தோசை வார்க்கக் கோதுமைமாவு கரைக்கிறோம், பிள்ளையாரைக் குளத்தில் கரைக்கிறோம், இறந்தவரின் சாம்பலை ஆற்றில் கரைக்கிறோம். அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது, சந்தைக்குப் போனால் கைக்காசு கரைகிறது. இவற்றுள் பலவற்றை வேதியியலார் கரைதல் என்று ஒப்ப மாட்டார். கோதுமைமாவு நீரில் கரைவதில்லை, மிதந்து தொங்குகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் தொங்கல். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துகள் நுணுகி, ஆனால் முழுக்கக் கரையாமல் நிற்கும் நிலைக்குத் தாமஸ் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1861-இல் கிரேக்கத்தின் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு பெயர் உண்டாக்கினார். தமிழில் அதைப் பெயர்த்தவர் பசையைத் தொடாமல் கூழை எடுத்துக் ‘கூழ்மம்’ என்றார். எவர் செய்தாரோ, அடுப்படி தெரிந்தவர்.

கரைதலையும் உருகுதலையும் தமிழ் பிரித்து வைத்திருப்பதை நாம் போதிய அளவு மெச்சிக்கொள்வதில்லை. வெண்ணெய் உருகும், சர்க்கரை கரையும். உருகலுக்கு வெப்பம் போதும், துணை வேண்டாம். கரைவதற்கோ இன்னொரு பொருள் வேண்டும். கன்னடத்தின் ‘கரகு’வும் தெலுங்கின் ‘கருகு’வும் நம் கரைக்கு உடன்பிறப்புகளே எனினும் அவை இரு வேலையையும் தாமே சுமக்கின்றன. இதைவிடச் சுவையானது, அறிவியல் நூல் எழுதும் நாள் வந்தபோது அவ்வீட்டார் தங்கள் சொல்லை உள்ளே வைத்துவிட்டு வடமொழியை அழைத்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் கரைசலுக்குப் பெயர் திராவணம், மலையாளத்தில் லாயனி, இந்தியில் விலயன். தமிழ் ஒன்றுதான் புளிச்சட்டியில் கிடந்த சொல்லைத் துடைத்து ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தது. தமிழுக்கும் திராவகம் இருந்தது. சித்த மருத்துவத்தின் வடித்தெடுத்த காரநீர்களுக்கு அதுவே பெயர். அதை மருத்துவரிடமே விட்டுவிட்டுக் கரைசல் தன் வழியில் போயிற்று. இன்று வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலும், இயற்கை உழவர் தெளிக்கும் அமுதக்கரைசலும் பாடநூலைப் புரட்டாதவர் வாயிலும் வருகின்றன. கலைச்சொல் ஒன்று வென்றதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, அச்சொல்லின் வால். விளை விளைச்சலாகும், அலை அலைச்சலாகும், இரை இரைச்சலாகும், புகை புகைச்சலாகும், உளை உளைச்சலாகும். இந்த முறைப்படி கரை என்பது கரைச்சல் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஒற்று மிகாமல் கரைசல் என்று மென்மையாக நின்றுவிட்டது. சகரம் இடையில் தனித்து நிற்பதால் அதன் ஒலியும் நாவில் வழுக்குகிறது. இதற்குத் துணையாக எனக்குத் தெரிந்த நெருங்கிய சொல் கடைசல், கடைந்தெடுத்த மரவேலை. நமைச்சல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல் என்று ஒற்று மிக்க பலவும் உடலோ உள்ளமோ படும் பாட்டைச் சொல்ல, கரைசலும் கடைசலும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருளாக நிற்கின்றன. விளைச்சல் குறுக்கே வருவதால் இதை விதியென்று சொல்லத் துணியவில்லை. ஆயினும் ஒற்று மிகுந்த கரைச்சல் இல்லாமலில்லை. ஈழத்தில் அது அன்றாடச் சொல். ‘கரைச்சல் குடுக்காதையுங்கோ’ என்றால் தொல்லை தராதீர்கள் என்பது பொருள். அங்குள்ள மாணவன் வகுப்பில் படிப்பது கரைசல், வகுப்புக்கு வெளியே கொடுப்பது கரைச்சல். நடுவே நிற்பது ஒரே ஒரு ச்.

மேலைமொழிகளில் கரைசலுக்கு வழங்கும் சொல், முடிச்சை அவிழ்த்தல் என்னும் பொருளுடைய ‘சொல்வெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. சிக்கலுக்கு விடை காண்பதும் அவிழ்ப்புதானே. அதனால் கணக்கின் தீர்வுக்கும் குடுவையின் கரைசலுக்கும் அங்கே ஒரே பெயர். செருமானியத்திலும் அப்படியே. தமிழ் இரண்டையும் பிரித்து, சிக்கலுக்குத் தீர்வு என்றும் குடுவைக்குக் கரைசல் என்றும் வைத்துக்கொண்டது நமக்கு ஆதாயம். ‘கரைசலில் நடக்கும் வினைக்குத் தீர்வு கண்டார்’ என்று குழப்பமின்றி எழுத முடிகிறது.

நீரில் மேலும் மேலும் சர்க்கரையை இட்டால், ஒரு நிலைக்கு மேல் அது அடியில் தங்கிவிடும். அந்நிலையை எட்டியதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தெவிட்டிய கரைசல் என்கிறது. இலத்தீன் மூலமும் வயிறு நிரம்பியவனைக் குறிப்பதே என்பதால் இது நேர்மையான பெயர்ப்பு. ஆனால் தெவிட்டல் வெறும் நிறைவன்று. திகட்டிப் போய் ‘போதும்’ என்று கையை நீட்டித் தடுப்பது. எதிர்மறையாக்கினால் தெவிட்டாத கரைசல். தேனுக்கும் தமிழுக்கும் நாம் சூட்டி மகிழும் அடைமொழி, இன்னும் இரண்டு கரண்டி உப்புக்கு இடமிருக்கும் தண்ணீருக்கும் கிடைத்துவிட்டது!

கரையும் பொருளைக் கரைபொருள் என்கிறோம். வினைத்தொகை. கரைந்த பொருள், கரைகின்ற பொருள், கரையும் பொருள் என்று முக்காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. வேதியியலார்க்கு இது வேண்டியிருக்கிறது என்பதுதான் வியப்பு. தெவிட்டிய கரைசலின் அடியில் கிடக்கும் உப்பு சும்மா கிடப்பதில்லை. ஒருபுறம் கரைந்துகொண்டும், ஏற்கெனவே கரைந்தது மறுபுறம் படிந்துகொண்டும், இரண்டும் சமமாக நடப்பதால் அசையாததுபோல் தோன்றுகிறது. காலம் காட்டாத தொகைச்சொல் அந்த நிலைக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கிறது. ஈழத்துப் பாடநூல் கரையம் என்று அம் ஈறு கொடுத்துச் சுருக்கிக்கொண்டது. அதுவும் நல்ல சொல்லே, ஆனால் அந்த முக்காலம் அதில் இல்லை.

கரைக்கும் நீர்மத்துக்குக் கரைப்பான் என்று பெயர். இந்தச் சொல்லிடம் சற்று நின்று பேச வேண்டும். இலக்கணக் கண்ணோடு பார்த்தால் இது ஓர் ஆண்பால் எதிர்கால வினைமுற்று: ‘அவன் கரைப்பான்’. அதுவே பெயராகி நிற்கிறது. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்ற பழமொழியில் வருபவரும் இவரே. பாடநூலில் மரியாதைப் பன்மை கழன்று கரைப்பான் ஆகிவிட்டார். அந்தப் பழமொழிக்குள் பிறவினையும் தன்வினையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் நேர்த்தியைக் கவனியுங்கள்: கரைத்தால், கரையும். தன்வினைக்குரியது கரைபொருள், பிறவினைக்குரியது கரைப்பான். ஆக, தமிழ்ப்பெயர் கரைப்பானைச் செயல் செய்பவனாக, எழுவாயாக நிறுத்திவிட்டது. அறிவியல் அதை அப்படி நிறுத்த நெடுங்காலம் ஆயிற்று.

வினை நடக்கும் வேகத்தை முதலில் கணக்கிட்டு எழுதியவர் செருமானியரான வில்லெல்மி, 1850-இல். அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை உடைந்து மாறுவதை, ஒளியின் தளம் திரும்பும் அளவைக் கொண்டு அளந்தார். எஞ்சியிருக்கும் சர்க்கரை எவ்வளவோ அதற்கேற்பவே மாறும் வேகம் இருந்தது. வினை கரைசலில்தான் நடந்தது. ஆனால் அந்தக் கணக்கில் நீர் ஓர் ஆளாகவே சேர்க்கப்படவில்லை, வெறும் களம். 1890-இல் உருசியரான மென்சுத்கின் ஒரே வினையை இருபதுக்கு மேற்பட்ட கரைப்பான்களில் நடத்திப் பார்த்தார். பொருள்கள் மாறவில்லை, கரைப்பான் மட்டும் மாறியது. அதற்கே வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபட்டது. களம் என்று நினைத்தது கையை நீட்டி வேலை செய்கிறது என்பது அன்று வெளிப்பட்டது. ஏன், எப்படி என்று சொல்லக் கோட்பாடு அப்போது இல்லை.

நடுவே ஒரு சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடுவோம். கரைசலில் மின்சுமை தாங்கிச் செல்லும் துகளுக்கு, ஹ்யூவெல் என்னும் அறிஞரின் யோசனைப்படி, பாரடே 1834-இல் ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைச் சூட்டினார். உப்பு நீரில் இட்டவுடனேயே இத்துகள்களாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் வந்து பிரிக்க வேண்டியதில்லை என்று 1887-இல் நிறுவிய சுவீடன் நாட்டு அர்ரீனியசுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ் அந்தப் பெயரை ஒலியால் ஏற்று அயனி என்றது, ஈழத்தில் அயன். ஒலிபெயர்ப்பு என்று தள்ளிவிடாதீர்கள். செல்லுதலைக் குறிக்கும் அந்தக் கிரேக்க வேரும், உத்தராயணத்திலும் இராமாயணத்திலும் வரும் வடமொழி ‘அயன’மும் ஒரே முதல்வேரின் கிளைகள். இரசாயனத்தின் பின்பாதியும் அதே அயனம்தான். இரசம் செல்லும் வழி, இரச + அயனம். ஆக, இரசாயனக்கூடத்தில் அயனியைப் பற்றிப் பேசுகிறவர், கிழக்கே ஒரு சுற்றும் மேற்கே ஒரு சுற்றும் போய்வந்த ஒரே சொல்லை ஒரே மூச்சில் இருமுறை சொல்கிறார்.

இரசாயனம் என்பதற்கு மாற்றாகத் தமிழகம் வேதியியலைத் தேர்ந்தது. வேதை என்பது சித்தர் வழக்கு. செம்பைப் பொன்னாக்கும் கலை. துளைத்தலைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடையது. மாற்றுமருந்து உலோகத்தைத் துளைத்து உட்புகுவதாக இரசவாதிகள் எண்ணினர். நான்மறைக்கும் இதற்கும் உறவில்லை. ஈழம் இன்றும் இரசாயனவியல் என்றே எழுதுகிறது. 1870-களில் அமெரிக்க மருத்துவர் கிறீன் யாழ்ப்பாணத் தமிழ் மாணவருக்கென உருவாக்கிய நூலோ ‘கெமிஸ்தம்’ என்ற பெயரோடு வந்தது; அந்த ஒலிக்கு அம் ஈறு ஒட்டித் தமிழாக்கிய துணிச்சலை நான் இரசிக்கிறேன், சொல் நிலைக்கவில்லை என்பதில் வருத்தமும் இல்லை. ‘திண்ணை இரசாயனம்’ எழுதிய இராசாசிக்கும் இரசாயனமே பிடித்தது.

மாற்றத்தைச் சொல்லும் சொல்லிலும் இப்படி இரு வழி. தமிழகத்தில் வேதிவினை; ஈழத்தில் இரசாயனத் தாக்கம். ஐரோப்பியச் சொல்லில் ‘திரும்பி’ என்று பொருள்தரும் முன்னொட்டு உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நாம் எதிர்வினை என்று அதைக் காப்பாற்றினோம். வேதியியலில் எதிரை உதிர்த்து வினையை மட்டும் கொண்டோம். அது நல்லதாயிற்று. வினைக்குள் நுழையும் பொருள் வினைபடுபொருள் ஆயிற்று. இலக்கணத்தின் செயப்படுபொருளுக்குத் தம்பி. வினை முடிவில் கிடைப்பது வினைவிளைபொருள். இதில் ஊழ்வினையின் எதிரொலி கேட்காத தமிழ்க்காது இல்லை. செய்த வினை விளைவாய் வந்து நிற்பதை இளங்கோவடிகளுக்குப் பிறகு இவ்வளவு உறுதியாகச் சொல்வது வேதியியல் பாடநூல்தான்! தாக்கம் என்பதில் மோதல் இருக்கிறது; மூலக்கூறுகள் முட்டிக்கொள்வதால்தான் மாற்றம் நிகழ்கிறது என்ற கொள்கைக்கு அது நெருக்கம். இரண்டில் ஒன்றைத் தள்ள எனக்கு மனமில்லை.

இப்போது கரைப்பானுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டில்தான் கோட்பாட்டாளர் அவனை எண்ணத் தொடங்கினர். போலந்து நாட்டு சுமோலுகோவ்சுகி, நீர்மத்தில் இரு துகள் ஒன்றையொன்று தேடிச் சென்று சேர எவ்வளவு நேரமாகும் என்று முதல் உலகப்போரின் நடுவே கணக்கிட்டார். 1934-இல் பிராங்கும் ராபினோவிச்சும், சேர்ந்த இரு துகள்களைச் சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகள் எளிதில் பிரியவிடாமல் கூண்டாக அடைத்துவைக்கின்றன என்றனர். 1940-இல் டச்சுக்காரரான கிராமர்சு, வினையைத் தடைமேட்டின் மேல் ஏறும் துகளாக வைத்து, கரைப்பானின் உராய்வை அதில் நுழைத்தார். உராய்வு மிகுந்தால் துகள் மேட்டின் உச்சியில் முன்னும் பின்னும் அல்லாடி வேகம் குறைகிறது, இது எவர்க்கும் விளங்கும். உராய்வு மிகக் குறைந்தாலும் வேகம் குறைகிறது என்பதே அவர் கண்டது. மேடேறத் தேவையான ஆற்றலைக் கொடுப்பதும், ஏறிய பின் அதை வாங்கிக்கொள்வதும் அதே கரைப்பான்தான் என்பதால்.

ஆனால் கரைப்பான் என்ற பெயருக்கு முழு நியாயம் செய்தவர், 1923-இல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்த ருடால்ஃப் மார்க்கசு. நீரில் இரும்பின் இரு வகை அயனிகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றுக்கு மின்சுமை இரண்டு, மற்றதற்கு மூன்று. முதலதிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவி இரண்டாமதற்குப் போனால், இரண்டு மூன்றாகும், மூன்று இரண்டாகும். முன்பு இருந்தது என்னவோ அதுவே பின்பும் இருக்கிறது. வினை உண்டு, கண்ணுக்குத் தெரியும் விளைவு இல்லை. கதிர்வீசும் இரும்பைக் கலந்து அடையாளமிட்டால்தான் நடந்தது தெரியும். பிணைப்பு எதுவும் உடையவில்லை, புதிதாக எதுவும் கட்டவில்லை. அப்படியிருந்தும் வினை மெதுவாக நடக்கிறது. யார் தடுப்பது?

நீர்தான். அயனி ஒவ்வொன்றையும் சுற்றி நீர் மூலக்கூறுகள் தம் முனைகளைத் திருப்பி வைத்துச் சூழ்ந்துகொள்கின்றன; இதற்கு நீரேற்றம் என்று பெயர். (கமலையும் ஏற்றமும் தெரிந்த தலைமுறைக்கு நீரேற்றம் என்றதும் கிணறு நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.) மூன்று சுமைக்கேற்ற அணி வேறு, இரண்டு சுமைக்கேற்ற அணி வேறு. எலக்ட்ரான் மிக இலேசானது, கணத்தில் தாவிவிடும். கனத்த நீர் மூலக்கூறுகள் அந்தக் கணத்தில் திரும்பி அணிமாற முடியாது. எனவே தாவல் முதலில், அணிமாற்றம் பிறகு என்றால் ஆற்றல் கணக்கு உதைக்கிறது. 1956-இல் மார்க்கசு இதைத் திருப்பிப் போட்டார். நீர் மூலக்கூறுகள் ஓயாமல் தள்ளாடிக்கொண்டே இருக்கின்றன. அத்தள்ளாட்டத்தில் என்றோ ஒரு கணம், இரு அணிக்கும் நடுவான, எலக்ட்ரான் இங்கிருந்தாலும் அங்கிருந்தாலும் ஆற்றல் ஒன்றேயான நிலை தானாக அமைகிறது. அந்தக் கணத்தில்தான் தாவல். முதலில் அசைவது கரைப்பான். எலக்ட்ரான் பின்னால் போகிறது. எழுவாய் யார் என்பது இப்போது தெளிவு. இதே கோட்பாடு, வினைக்கான உந்துதலை ஓரளவுக்கு மேல் கூட்டினால் வேகம் ஏறாமல் இறங்கும் என்றும் சொன்னது. பலர் நம்பவில்லை. உறுதியான சான்று 1984-இல் கிடைத்தது. 1992-இல் மார்க்கசுக்கு நோபல் பரிசு. பச்சை இலையில் ஒளிச்சேர்க்கையின் முதல் படிகளை விளக்கவும் இக்கணக்கே கைகொடுக்கிறது.

நூலேணி போல் நீண்ட கணக்கைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்ட பிறகு, வினையின் நடுவிடத்தைக் குவாண்டம் விதிகளாலும் சூழ்ந்த ஆயிரக்கணக்கான கரைப்பான் மூலக்கூறுகளை எளிய பழைய இயக்கவியலாலும் கணக்கிடும் முறை வளர்ந்தது. கார்ப்பிளசு, இலெவிட், வார்செல் மூவருக்கும் 2013-இல் பரிசு அதற்காகவே.

இனி விளிம்பு. இரு பொருள் தொடும் இடத்தின் வெப்ப இயக்கவியலை 1870-களின் பின்பாதியில் வகுத்த அமெரிக்கர் கிப்சு, அதைத் தொடர்ச்சி அறும் பரப்பு என்று பொருள்படச் சுற்றிச்சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் நடு, முகம் என்ற இரு சொல்லை ஒட்டி ஒரு பெயர் வழங்கலாயிற்று. தமிழ் அதை அப்படியே பெயர்த்து இடைமுகம் என்றது. முகம் தமிழா வடசொல்லா என்ற வழக்கு நெடியது, அதற்குள் இப்போது போக வேண்டாம். துறைமுகம், கழிமுகம் என்று நீரும் நிலமும், ஆறும் கடலும் சந்திக்கும் இடங்களுக்கு நம் முன்னோர் அச்சொல்லையே வைத்தனர் என்பதால் இடைமுகத்துக்கு ஒரு பழைய உரிமை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்மைக்காலத்தில் கணிப்பொறித் திரையும் பொத்தானும் அந்தப் பெயரைத் தமதாக்கிக்கொண்டன. வேதியியல் நூல் சில இடைப்பரப்பு என்கின்றன. பரப்பு இழுவிசை, பரப்பு கவர்தல் என்ற பழகிய சொற்களோடு இது குடும்பமாகச் சேர்கிறது. யாழ்ப்பாணத்தார் பரப்பு என்றால் காணி அளவு என்பார். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதனால் குழப்பம் வருவதற்கில்லை.

அந்த விளிம்பில் நடப்பதற்கு ஒரு சான்று. 2005-இல் ஷார்ப்லெஸ் என்னும் வேதியியலாரின் குழுவினர், நீரில் கரையாத இரு கரிமப்பொருள்களை நீரோடு சேர்த்து விரைவாகக் கலக்கினர். அவ்விரண்டையும் வேறெதுவும் சேர்க்காமல் வைத்திருந்தால் வினை முடிய 48 மணி நேரம். தொலுயீன் என்னும் கரைப்பானில் 120 மணியும் போதவில்லை. நீரோடு கலக்கியபோது பத்தே நிமிடம். கரையாதபோது நீர் எப்படி உதவும்? அவர்கள் இதற்கு வைத்த பெயர், வேற்றுமையை மாற்றியதுதான். நீரில் நடக்கும் வினை என்னாமல் நீர்மேல் நடக்கும் வினை என்றனர். நிலையாமைக்கு நாம் சொல்லும் நீர்மேல் எழுத்தை நினைத்துக்கொண்டு படித்தால் இப்பெயரின் சுவை கூடும். ஏழாம் வேற்றுமைக்கு இல் ஈறும் மேல் என்ற சொல்லுருபும் இரண்டும் உண்டு என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம்; இங்கே அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கண்டுபிடிப்பே நிற்கிறது.

விளக்கம் 2007-இல் மார்க்கசிடமிருந்தே வந்தது. யுங் என்பவரோடு சேர்ந்து எழுதினார். நீரின் உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையாரோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. விளிம்பிலோ, ஏறத்தாழ நான்கில் ஒரு மூலக்கூறு பிடிக்க ஆளில்லாமல் ஒரு கையை வெளியே, எண்ணெய்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வினை நடுநிலையைக் கடக்கும் கணத்தில் அந்தக் கை அதைப் பற்றித் தாங்குகிறது, தடைமேடு தாழ்கிறது. நீரின் உள்ளே இதே உதவி வேண்டுமானால், முதலில் ஏற்கெனவே கோத்திருக்கும் கையை விடுவிக்க வேண்டும்; அதற்குச் செலவு உண்டு. கரைக்காத இடத்திலும் கரைப்பான் வேலை செய்கிறான்!

கணிப்பொறியில் இவ்விளிம்பைப் பார்த்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். அது கண்ணாடித் தகடுபோல் தட்டையானதன்று. மூலக்கூறு அளவில் நுண்ணலைகள் எழுந்து விழ, ஓரிடத்தில் நீர் எண்ணெய்க்குள் முட்டியும், ஓரிடத்தில் உள்வாங்கியும், ஓயாமல் இடம் மாறும் குறுகிய பட்டை அது. முகம் என்றால் ஓர் ஒழுங்கு தோன்றும். பரப்பு என்றால் தட்டை தோன்றும். அலை வந்து நனைத்துப் போகிற, கோடு போட முடியாத எல்லைக்குத் தமிழில் முன்பே இருக்கும் சொல் கரை. பொருளால் பார்த்தால் அதுவே முதற்பரிசுக்குரியது. வழக்கால் பார்த்தால் கூடாது: ‘கரையில் கரைபொருள் கரையும் வேகம்’ என்று ஒரு மாணவன் எழுதினால், விடைத்தாள் திருத்துகிறவர் பாடு திண்டாட்டமாகிவிடும்.

எனவே என் தீர்ப்பு இடைப்பரப்புக்கே. இடைமுகத்தைக் கணிப்பொறியாளர் வைத்துக்கொள்ளட்டும். கலைச்சொல் தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு: வேதிவினையும் இரசாயனத் தாக்கமும், கரைபொருளும் கரையமும், அயனியும் அயனும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சாகும் அகராதி ஒன்று நமக்கு வேண்டும், சென்னையில் படித்தவர் யாழ்ப்பாணத்து நூலையும், யாழ்ப்பாணத்தார் சென்னை நூலையும் அகராதி இல்லாமலே படிக்கும் நாள் அதன்பின் தானே வரும். உங்கள் வட்டாரத்தில் கரைதலுக்கும் விளிம்புக்கும் வேறு சொல் வழங்குமானால் எழுதி அனுப்புங்கள்.